கல்ச்சர் ரிப்போர்ட்டில் 'ஸ்ட்ரெப்டோகாக்கஸ்' வந்திருக்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூரில் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவர்களிடம் இரண்டு விதமான ஆட்கள் கேள்வி கேட்பார்கள். ஒருவர் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு "இது ஆபத்தா, சாதாரணமா?" என்பார். இன்னொருவர் தேர்வுக்குப் படிக்கும் மாணவர், "பீட்டா ஹீமோலிட்டிக் என்றாலே வீரியம் அதிகம்தானே?" என்பார். (வீரியம் என்றால் நோய் உண்டாக்கும் திறன். பீட்டா என்ன என்பது கீழே வரும்.) யோசித்துப் பார்த்தால் இருவர் கேட்பதும் ஒன்றுதான்: பெயரைப் பார்த்துக் குணத்தைச் சொல்ல முடியுமா என்பது. இருவருக்கும் சேர்த்தே இங்கே பதில் எழுதுகிறேன். எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்பது ஒரே கிருமியா?

இல்லை, பெரிய குடும்பம். இதுவரை பெயர் வைக்கப்பட்ட இனங்களே 100-ஐத் தாண்டும். உருண்டையான பாக்டீரியா, ஒரே திசையில் பிரிந்துகொண்டே போவதால் மைக்ராஸ்கோப்பில் நூலில் கோத்த மணிகள் மாதிரி சங்கிலியாகத் தெரியும். கிராம் சாயத்தில் ஊதா நிறம் பிடிக்கும். 1874-ல் புண்களில் இதைப் பார்த்த தியோடர் பில்ராத் வைத்த பெயர் இன்றும் நிற்கிறது.

ஸ்டஃபைலோகாக்கஸ் (சுருக்கமாக ஸ்டஃப்) என்ற இன்னொரு உருண்டைக் கிருமியிலிருந்து இதைப் பிரிப்பது சுலபம். ஸ்லைடில் கிருமியை எடுத்து ஒரு சொட்டு ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டால் ஸ்டஃப் நுரைத்துக்கொண்டு வரும். ஸ்ட்ரெப் சும்மா கிடக்கும், அதனிடம் கேட்டலேஸ் நொதி கிடையாது.

இந்தக் குடும்பத்தில் தொண்டையைப் பிடிக்கிறவனும் உண்டு, உயிரை எடுக்கிறவனும் உண்டு, தயிர் தோய்க்கிறவனும் உண்டு. அதனால் 'ஸ்ட்ரெப்டோகாக்கஸ்' என்ற ஒரு சொல்லை மட்டும் படித்துவிட்டுப் பயப்படவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம். அடுத்த சொல்லையும் படியுங்கள்.

ஆல்ஃபா, பீட்டா, காமா என்று எழுதியிருக்கிறார்களே, அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

இது முழுக்கக் கண்ணால் பார்த்துச் சொல்கிற விஷயம். ஐந்து சதவீதம் ஆட்டு ரத்தம் கலந்த அகார் பிளேட்டில் (கிருமி வளர்க்கும் கூழ்த் தட்டு) ஸ்வாபை, அதாவது மாதிரி எடுத்த பஞ்சுக்குச்சியைத் தேய்த்து, லூப் என்ற கம்பி வளையத்தால் நான்கு பக்கமும் இழுத்து, மெழுகுவத்தி ஜாடியில் வைத்து மூடுவோம். வத்தி தானாக அணையும்போது உள்ளே கார்பன் டை ஆக்சைடு கொஞ்சம் கூடியிருக்கும். இந்தக் கிருமிகளுக்கு அது பிடிக்கும். 37 டிகிரியில் ஓர் இரவு.

காலையில் பிளேட்டை எடுத்து டியூப்லைட்டுக்கு நேராகப் பிடிக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் ஏமாந்துவிடுவோம். வெளிச்சம் பின்னாலிருந்து வரும்போதுதான் தெரியும்: குண்டூசித் தலையைவிடச் சின்னதாக ஒரு காலனி, அதைச் சுற்றி ரத்தமே இல்லாத தெளிந்த வட்டம். வட்டம் காலனியைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிதாக இருக்கும். வட்டத்துக்குப் பின்னால் ஒரு பேப்பரைப் பிடித்தால் எழுத்தைப் படித்துவிடலாம். அதுதான் பீட்டா, சிவப்பணுக்கள் முழுக்க உடைந்துவிட்டன. லூப்பால் அகாரில் இரண்டு மூன்று இடத்தில் குத்தி வைத்திருப்போம். காற்றுப் படாத அந்தக் குத்தின் ஆழத்தில் தெளிவு இன்னும் பளிச்சென்று இருக்கும். காற்றுப் பட்டால் செயலிழக்கும் ஸ்ட்ரெப்டோலைசின் ஓ அங்கே தடையில்லாமல் வேலை செய்வதுதான் காரணம்.

ஆல்ஃபாவில் காலனியைச் சுற்றிப் பச்சை படர்ந்திருக்கும். கிருமி விடும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஹீமோகுளோபினின் நிறத்தை மாற்றிவிடுகிறது. காமாவில் ஒன்றுமே நடந்திருக்காது. 1919-ல் ஜே. எச். பிரவுன் இந்த மூன்று பெயர்களையும் முறைப்படுத்தினார்.

ஆட்டு ரத்தம்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பதற்குக் காரணம் உண்டு. ரத்த வங்கியில் காலாவதியான மனித ரத்தம் சும்மா கிடைக்கிறதே என்று சில சின்ன லேப்களில் அதையே ஊற்றிவிடுகிறார்கள். அதில் ஆன்டிபயாடிக்கோ, கிருமியை அடக்கும் ஆன்டிபாடியோ இருக்கலாம். ஹீமோலைசிஸும், அதாவது சிவப்பணு உடைவதும், சரியாகத் தெரியாது. அந்தப் பிளேட்டில் 'ஸ்ட்ரெப் இல்லை' என்று வந்தால் நான் நம்பமாட்டேன்.

பீட்டா என்றால் ஆபத்து, ஆல்ஃபா என்றால் சாதாரணம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. மாணவர்கள் மதிப்பெண்ணை விடுவது இங்கேதான்.

நிமோனியாவையும் மூளைக்காய்ச்சலையும் கொண்டுவரும் நிமோகாக்கஸ், அதாவது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நிமோனியே, ஆல்ஃபாதான். வாயில் எல்லோருக்கும் சும்மா குடியிருக்கும் விரிடன்ஸ் வகைகளும் ஆல்ஃபாதான். பிளேட்டில் இரண்டும் ஒரே பச்சை. ஆப்டோச்சின் என்ற மருந்து தோய்த்த வில்லை வைத்து, பித்த உப்பில் கரைகிறதா பார்த்துத்தான் பிரிக்க வேண்டியிருக்கிறது. நிமோகாக்கஸ் ஆப்டோச்சினுக்கு அடங்கும், பித்த உப்பில் கரையும். விரிடன்ஸ் இந்த இரண்டையும் செய்யாது. மறுபக்கம், பீட்டா காட்டுகிற ஏ பிரிவு பள்ளிக்கூடப் பிள்ளைகள் பலருடைய தொண்டையில் எந்தத் தொந்தரவும் இல்லாமல் உட்கார்ந்திருக்கும்.

பிளேட்டில் ஆட்டு ரத்தத்தை உடைப்பது ஒரு திறமை. மனித உடம்பில் நோய் உண்டாக்குவது இன்னொரு திறமை. இரண்டும் ஓரளவுக்குத்தான் சேர்ந்து போகும்.

சரி, இந்த ஏ, பி, சி, ஜி எங்கிருந்து வந்தது?

ரெபெக்கா லான்ஸ்ஃபீல்ட் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் நிறுவனத்தில் 1933-ல் செய்த வேலை அது. பீட்டா ஸ்ட்ரெப் கிருமிகளைச் சூடான அமிலத்தில் வேகவைத்து, செல் சுவரிலிருந்து வரும் சர்க்கரைப் பொருளைப் பிரித்தார். முயலில் தயாரித்த சீரத்தோடு எது வீழ்படிவு ஆகிறது என்று பார்த்து எழுத்துகள் கொடுத்தார். மனிதரிடமிருந்து வந்தவை பெரும்பாலும் ஏ-யில் விழுந்தன, மாட்டிலிருந்து வந்தவை பி-யில். இன்று அதே வேலையை லேடெக்ஸ் கிட்டில் சில நிமிடங்களில் முடித்துவிடுகிறோம்.

ஏ பிரிவு என்றால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனிஸ், பி என்றால் அகலாக்டியே என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கப்புறம் குழப்பம் ஆரம்பம். சி, ஜி இரண்டிலும் டிஸ்கலாக்டியே வரும். சின்னக் காலனியாக வளர்ந்து சீழ்க்கட்டி உண்டாக்கும் ஆஞ்சினோசஸ் கூட்டம் ஏ, சி, எஃப், ஜி என்று எந்த எழுத்தையும் காட்டும். சில சமயம் எதையும் காட்டாது. (பிளேட்டைத் திறந்ததும் காய்ச்சிய சர்க்கரை வாசனை வந்தால் ஆஞ்சினோசஸ் என்று மூத்த டெக்னீஷியன்கள் சொல்லிவிடுவார்கள். முகர்ந்து பார்ப்பது பாதுகாப்பு விதிப்படி தவறு, நீங்கள் செய்யாதீர்கள்.) நிமோகாக்கஸுக்கும் விரிடன்ஸுக்கும் இந்த எழுத்து முறையில் இடமே இல்லை. 'டி' பிரிவின் பொருள் சர்க்கரையே கிடையாது, டைக்காயிக் அமிலம்.

லான்ஸ்ஃபீல்ட் எழுத்து கிருமியின் மேல்சுவரில் உள்ள ஓர் அடையாளம், அவ்வளவுதான். அந்தச் சர்க்கரை நேரடியாக யாரையும் சாகடிப்பதில்லை.

எங்கள் பையனுக்கு 'ஜி பிரிவு' என்று வந்திருக்கிறது. ஏ இல்லையே, விட்டுவிடலாமா?

அப்படி விட முடியாது. ஜி பிரிவின் டிஸ்கலாக்டியேவிடம் ஏ பிரிவில் இருக்கும் அதே வகை எம் புரதமும் ஸ்ட்ரெப்டோலைசினும் இருக்கின்றன. இரண்டும் தங்களுக்குள் மரபணுக்களைக் கொடுத்து வாங்கியும் இருக்கின்றன. தென்னிந்தியப் பள்ளிப் பிள்ளைகளின் தொண்டையில் சி, ஜி பிரிவுகள் கணிசமாகவே கிடைக்கின்றன. காலில் வீக்கம் உள்ளவர்களுக்கு, குறிப்பாக யானைக்கால் வந்தவர்களுக்கு, அடிக்கடி வரும் காய்ச்சலும் சிவப்புத் தடிப்பும் பல நேரம் ஸ்ட்ரெப்பின் வேலை. அதில் ஜி-யும் உண்டு. விரலிடுக்குப் புண்ணைக் கழுவிக் காயவைத்து மருந்து போட்டாலே அந்தக் காய்ச்சல் பாதி குறையும்.

பையனுக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் இருந்தால் டாக்டர் மருந்து கொடுப்பார். ஒன்றுமே இல்லாமல் பள்ளி ஆய்வில் எடுத்த ஸ்வாப் என்றால் பெரும்பாலும் விட்டுவிடுவார்.

அப்படியானால் வீரியம் எதில் இருக்கிறது?

இதற்கு 1928-ல் லண்டனில் ஃபிரெட் கிரிஃபித் செய்த சோதனையைவிட நல்ல பதில் கிடையாது. அதை டி.என்.ஏ. பாடத்தில் மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு ஸ்ட்ரெப் பாடத்தில் மறந்துவிடுகிறோம்.

அவரிடம் இரண்டு விதமான நிமோகாக்கஸ் இருந்தது. ஒன்று மேலுறை உள்ளது. பிளேட்டில் வழவழப்பாக வளரும். இன்னொன்று மேலுறையை இழந்தது, சொரசொரப்பாக வளரும். உறை உள்ளதை எலிக்குப் போட்டால் எலி செத்தது. உறை இல்லாததைப் போட்டால் எலிக்கு ஒன்றும் ஆகவில்லை. இத்தனைக்கும் இரண்டும் ஒரே இனம், ஒரே பெயர், பிளேட்டில் ஒரே பச்சை. அப்புறம் உறை உள்ளதைச் சூட்டில் கொன்று, உயிருள்ள சொரசொரப்புக் கிருமியோடு கலந்து போட்டார். எலி செத்தது. அதன் ரத்தத்தில் உறை போட்ட கிருமி உயிரோடு இருந்தது. செத்த கிருமியிலிருந்து ஏதோ ஒன்று உயிருள்ளதற்குப் போயிருக்கிறது. அது டி.என்.ஏ. என்று 1944-ல் ஏவரி, மெக்லியோட், மெக்கார்ட்டி மூவரும் காட்டினார்கள்.

அந்த உறை என்ன செய்கிறது? நம் வெள்ளையணு கிருமியை விழுங்குவதற்கு முன் காம்ப்ளிமென்ட் என்ற ரத்தப் புரதம் அதன்மேல் ஒட்டி அடையாளம் காட்ட வேண்டும். வழுக்கும் சர்க்கரை உறை அந்த அடையாளத்தை மறைத்துவிடுகிறது. உறைக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தால் கதை மாறும், கிருமி பிடிபட்டுவிடும். உறையில் 100 வகை உண்டு. ஒன்றுக்கு எதிரான ஆன்டிபாடி இன்னொன்றுக்கு உதவுவது அபூர்வம்.

ஆக, இனத்தின் பெயர் ஒன்றே என்றாலும் அந்த ஸ்ட்ரெயினிடம் (ஒரே இனத்துக்குள் உள்ள தனி வகை) என்ன மரபணு இருக்கிறது என்பதில்தான் வீரியம் இருக்கிறது. அந்த மரபணுக்கள் வரும், போகும்.

ஏ பிரிவிடம் என்னென்ன ஆயுதங்கள்?

நிறைய. முக்கியமான நான்கை மட்டும் சொல்கிறேன்.

முதலில் எம் புரதம். கிருமியின் மேல் முடி முடியாக நிற்கும். நம் ரத்தத்தில் உள்ள ஃபைப்ரினோஜெனையும், காம்ப்ளிமென்டை அடக்கும் ஃபேக்டர் எச் என்ற புரதத்தையும் பிடித்துத் தன்மேல் போர்த்திக்கொள்ளும். எம் புரதத்தின் மரபணுவை வைத்து 200-க்கும் மேற்பட்ட வகைகள் பிரித்திருக்கிறார்கள். ஒரு வகை வந்து போனால் அந்த வகைக்குத்தான் எதிர்ப்பு. அதனால்தான் ஒரே பிள்ளைக்கு வருடத்துக்கு இரண்டு தடவை தொண்டை வலி வருகிறது. சில மேல்நாடுகளில் விரல்விட்டு எண்ணும் வகைகளே பெரும்பாலான நோயை உண்டாக்குகின்றன. நம் நாட்டில் வகைகள் சிதறிக் கிடக்கின்றன. தடுப்பூசி செய்ய நினைப்பவர்களுக்கு அதுவே தலைவலி.

இரண்டாவது ஹையலூரானிக் அமில உறை. நம் மூட்டிலும் தோலிலும் இருக்கும் அதே பொருள். சொந்தச் சரக்கு என்று நம் உடம்பு விட்டுவிடும்.

மூன்றாவது, பரவுவதற்கான நொதிகள். ஸ்ட்ரெப்டோகைனேஸ் ரத்தக் கட்டியைக் கரைக்கும். டி.என்.ஏஸ் சீழை இளக்கும். சி5ஏ பெப்டிடேஸ் வெள்ளையணுக்களைக் கூப்பிடும் சமிக்ஞையையே வெட்டிவிடும். ஸ்டஃப் புண் ஓரிடத்தில் கட்டியாக நிற்பதும், ஸ்ட்ரெப் சிவந்து பரவிக்கொண்டே போவதும் பெரும்பாலும் இதனால்தான். அந்த ஸ்ட்ரெப்டோகைனேஸைத்தான் மாரடைப்பில் ரத்தக் கட்டி கரைக்கும் ஊசியாகப் போட்டார்கள், போடுகிறார்கள். மருந்துக்கு எடுத்தது சி பிரிவுக் கிருமியிலிருந்து.

நான்காவது சூப்பர் ஆன்டிஜென். சாதாரணமாக ஒரு கிருமிக்கு எதிராக டி செல்களில் (எதிர்ப்புச் சக்தி வெள்ளையணுக்களில் ஒரு வகை) பத்தாயிரத்தில் ஒன்று விழித்துக்கொள்ளும். இந்த நச்சு ஐந்தில் ஒன்றைக்கூட ஒரே நேரத்தில் கிளப்பிவிடும். ரத்த அழுத்தம் சரிந்து, சிறுநீரகம் நிற்கும் அளவுக்குப் போவது அதனால். இந்த நச்சுகளில் பலவற்றின் மரபணு கிருமிக்குச் சொந்தமானதே அல்ல. கிருமியைத் தாக்கும் ஃபேஜ் என்ற வைரஸ் கொண்டுவந்து வைத்தது. ஸ்கார்லெட் காய்ச்சலின் நச்சு ஃபேஜால் வருகிறது என்று 1964-ல் சப்ரிஸ்கி காட்டினார். ஃபேஜ் ஏறிய ஸ்ட்ரெயினும் ஏறாத ஸ்ட்ரெயினும் ரிப்போர்ட்டில் ஒன்றுதான்: 'ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனிஸ், ஏ பிரிவு'.

ஒரே கிருமி ஒருவருக்குத் தொண்டை வலியோடு போகிறது, இன்னொருவருக்குக் காலையே எடுக்க வேண்டியிருக்கிறது. ஏன்?

கிருமி போய்ச் சேர்ந்த இடம், அது யார் உடம்பு, அங்கே கிருமி என்னவாக மாறியது என்று மூன்று காரணம் உண்டு. முதல் இரண்டும் தெரிந்ததுதான்: செருப்பில்லாமல் வயலுக்குப் போய் முள் குத்திய கால், அதற்கு மேல் கட்டுப்படாத சர்க்கரை. மூன்றாவதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஏ பிரிவில் கோவ் ஆர்எஸ் என்று ஒரு கட்டுப்பாட்டு மரபணு ஜோடி உண்டு. ஆயுதங்களை அடக்கி வைக்கும் பொறுப்பு அதற்கு. ஆழமான திசுவுக்குள் போன கிருமிகளில் இது கெட்டுப்போனவை தேறி வருகின்றன. உறை தடிக்கிறது, நச்சுகள் பெருகுகின்றன. அதாவது ஒரே நோயாளியின் உடம்புக்குள்ளேயே, சில நாட்களில், அதே ஸ்ட்ரெயின் வேறு ஆளாகிவிடுகிறது.

ஒரு எச்சரிக்கை. கால் பார்க்கச் சாதாரணமாக இருந்து, வலி மட்டும் தாங்க முடியாமல் இருந்தால், அல்லது சிவப்பு மணிக்கு மணி மேலே ஏறி, கருநீலக் கொப்புளம் வந்தால், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தூங்கக் கூடாது. கே.வி. குப்பமோ அணைக்கட்டோ, வேலூரைச் சுற்றி எந்த ஊராக இருந்தாலும் வண்டி பிடித்து அன்றிரவே அறுவை சிகிச்சை வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும். செத்த சதையை எடுக்காமல் மருந்து அங்கே போய்ச் சேராது. பெனிசிலினோடு கிளிண்டாமைசினும் கொடுப்பார்கள். அது கிருமி நச்சுப் புரதம் தயாரிப்பதையே நிறுத்தும்.

ஏ.எஸ்.ஓ. 400 வந்திருக்கிறது. மாதா மாதம் ஊசி போடச் சொல்கிறார்கள். போட வேண்டுமா?

ஏ.எஸ்.ஓ. என்பது ஸ்ட்ரெப்டோலைசின் ஓ-வுக்கு எதிராக உங்கள் உடம்பு தயாரித்த ஆன்டிபாடியின் அளவு. முன்பு எப்போதோ ஸ்ட்ரெப் வந்து போனது என்பதற்குச் சாட்சி. கிருமி இப்போது இருக்கிறது என்றோ, ருமாட்டிக் காய்ச்சல் (ஸ்ட்ரெப் தொண்டை வலிக்குப் பின் மூட்டையும் இதயத்தையும் தாக்கும் நோய்) வந்துவிட்டது என்றோ அதற்கு அர்த்தமில்லை. தொற்று வந்து மூன்று முதல் ஐந்து வாரத்தில் உச்சத்துக்குப் போய், அப்புறம் மாதக்கணக்கில் மெதுவாக இறங்கும். நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஸ்ட்ரெப் அடிக்கடி வந்து போவதால், நன்றாக ஓடியாடும் பிள்ளைகளிடமே 200-ஐத் தாண்டிய அளவு சகஜம்.

இரண்டு மூன்று வார இடைவெளியில் இரண்டு தடவை பார்த்து, எண் ஏறுகிறதா என்று பார்ப்பதுதான் முறை. கைகால் வலிக்கு ஏ.எஸ்.ஓ. எழுதி, எண்ணைப் பார்த்து வருடக்கணக்கில் ஊசி போடும் வழக்கத்தை நிறையப் பார்த்திருக்கிறேன். எண்ணுக்கு ஊசி கிடையாது. மூட்டு வீக்கம், இதயத்தில் சத்தம், கைகால் தானாக ஆடுவது போன்ற அறிகுறிகளைச் சேர்த்து ருமாட்டிக் காய்ச்சல் என்று முடிவானால் மட்டும்தான் ஊசி. எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தாயிற்றா என்று கேளுங்கள். நிஜமாகவே ருமாட்டிக் என்று முடிவாகிப் போடுகிறவர்கள் மட்டும், ஏ.எஸ்.ஓ. குறைந்துவிட்டதே என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

தொண்டைக் கிருமி இதயத்துக்கு எப்படிப் போகிறது?

கிருமி போவதில்லை. எம் புரதத்தின் சில பகுதிகளும் ஏ பிரிவுச் சர்க்கரையும் நம் இதயத் திசுவின் புரதங்களை ஒத்திருக்கின்றன. கிருமிக்காக உடம்பு தயாரித்த ஆன்டிபாடியும் டி செல்லும், தொண்டை ஆறி இரண்டு மூன்று வாரம் கழித்து வால்வைத் தாக்குகின்றன. தொண்டை வலி ஆரம்பித்து 9 நாளுக்குள் பெனிசிலின் ஆரம்பித்தால் இதைத் தடுக்கலாம். வந்துவிட்டவர்களுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சத்தீன் பெனிசிலின்.

வேலூருக்கும் இந்த நோய்க்கும் பழைய தொடர்பு. 1961-ல் இங்கே கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் திறந்த இதய அறுவை சிகிச்சை நடந்தது. 1981-ல் தென்னிந்தியக் கிராமப் பிள்ளைகளின் ருமாட்டிக் இதய நோய் பற்றி அதே கல்லூரியினர் எழுதிய கட்டுரை உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்தது. நெருக்கமான வீடு, ஒரே பாயில் நான்கு பிள்ளைகள், தொண்டை வலிக்கு டாக்டரிடம் போகாத வழக்கம் என்று இந்த நோய் வளர்வதற்கான காரணங்கள் எந்தக் கிருமியியல் புத்தகத்தைவிடவும் ரேஷன் கார்டில்தான் அதிகம் தெரியும்.

சிரங்கு வந்த பிள்ளைக்கு முகம் வீங்கி, சிறுநீர் பழுப்பாகப் போனது. இதுவும் அதுவா?

இருக்கலாம். சிரங்கு ஆறி மூன்று வாரம் போலச் சிறுநீரக அழற்சி வரும். தொண்டைக்குப் பின் என்றால் சுமார் பத்து நாள். சொறி பிடித்துச் சொறிந்த இடத்தில் ஏ பிரிவு ஏறுவதுதான் வழக்கமான பாதை. தோல் தொற்றில் ஏ.எஸ்.ஓ. ஏறாமலே இருக்கும், ஆன்டி டி.என்.ஏஸ் பி பார்க்க வேண்டும். பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சரியாகிவிடும். ஆனால் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், உடனே காட்டுங்கள்.

கர்ப்பிணிக்கு 'பி பிரிவு' வந்திருக்கிறது. பயப்பட வேண்டுமா?

தாய்க்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. பல பெண்களின் குடலிலும் பிறப்புறுப்பிலும் சும்மா இருப்பது. பிரசவ நேரத்தில் குழந்தைக்குப் போனால் முதல் வாரத்திலேயே ரத்தத் தொற்றோ நிமோனியாவோ வரலாம். அப்புறம் மூன்று மாதம் வரை மூளைக்காய்ச்சலும் வரலாம். அதனால் பிரசவ வலி எடுத்ததும் பெனிசிலின் ஊசி நரம்பில் போடுவார்கள். இப்போதே மாத்திரை விழுங்கிக் கிருமியை ஒழித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம், பிரசவத்துக்குள் திரும்ப வந்துவிடும். ரிப்போர்ட்டைப் பிரசவ ஃபைலில் வையுங்கள். தாய்வீட்டுக்குப் போய்ப் பிரசவம் பார்ப்பதாக இருந்தால் ஃபைலும் கூடப் போக வேண்டும்.

இங்கேயும் ஸ்ட்ரெயின் பேதம் உண்டு. மூன்றாம் வகை உறை உள்ள எஸ்.டி. 17 என்ற பரம்பரைதான் குழந்தைகளின் மூளைக்காய்ச்சலில் அடிக்கடி பிடிபடுகிறது. சாதாரண ரிப்போர்ட்டில் அதுவும் வெறும் 'பி'.

மாட்டு மடிநோய்க் கிருமியும் இதுவேதானா?

ஆமாம், அகலாக்டியே. பால் வற்றிப்போவதால் வந்த பெயர். மாட்டில் சுற்றுபவையும் மனிதரிடம் சுற்றுபவையும் பெரும்பாலும் தனித்தனிப் பரம்பரைகள். மடிநோயில் டிஸ்கலாக்டியே, யூபெரிஸ் இரண்டும் உண்டு. கறக்கும் முன்னும் பின்னும் காம்பைக் கழுவுவது, நோய் கண்ட மாட்டைக் கடைசியில் கறப்பது, பாலைக் காய்ச்சாமல் குடிக்காமல் இருப்பது, இவை போதும்.

நிமோகாக்கஸ் தடுப்பூசி போட வேண்டுமா?

போட வேண்டும். அரசு ஊசித் திட்டத்தில் இலவசம். 6 வாரம், 14 வாரம், 9 மாதம். கிரிஃபித்தின் எலிகள் சொன்ன பாடத்தின் மேல் கட்டியதுதான் இந்த ஊசி: உறைக்கு எதிராக ஆன்டிபாடியைத் தயார் செய்துவிட்டால் கிருமியின் பெரிய ஆயுதம் போச்சு. எந்தெந்த உறை வகைகளைச் சேர்ப்பது என்பது அந்தந்த நாட்டின் கணக்கைப் பார்த்து முடிவாகும் விஷயம். வேலூரும் சேர்ந்து பல இந்திய மருத்துவமனைகளில் நடத்திய ஆய்வு 1999-ல் லான்செட் இதழில் வந்தது. 1, 5 ஆகிய வகைகள் இங்கே முக்கியம் என்று அது காட்டியது. அமெரிக்காவில் 2000-ல் வந்த முதல் ஏழு வகை ஊசியில் அவை இரண்டும் இல்லை. இன்று இந்தியாவில் தயாராகும் பத்து வகை ஊசியில் இருக்கின்றன.

தயிரில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இருக்கிறது என்கிறார்களே! இட்லி மாவிலும்?

தயிரில் இருப்பது தெர்மோஃபிலஸ். பரம்பரையில் வாய்க்கிருமி சலிவேரியஸுக்கு நெருங்கிய சொந்தம். 2004-ல் இதன் முழு மரபணுத் தொகுதியைப் படித்தபோது, நோய் உண்டாக்கும் உறவினர்களிடம் உள்ள மரபணுக்கள் பல இதில் காணாமல் போயோ, உடைந்து செயலிழந்தோ கிடந்தன. பாலிலேயே காலம் காலமாக வாழ்ந்து, தேவையில்லாததை விட்டுவிட்டது. தாராளமாகச் சாப்பிடுங்கள். தயிர் தோய்க்கும் இன்னொன்று பழைய புத்தகங்களில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் லாக்டிஸ். 1985-ல் லாக்டோகாக்கஸ் என்று தனிப் பேரினம் ஆக்கிவிட்டார்கள்.

இட்லி மாவைப் பொங்க வைப்பதில் முதல் ஆள் லூக்கோநாஸ்டாக் மெசென்டிராய்டஸ், ஸ்ட்ரெப்பின் தூரத்துச் சொந்தம். 1965-ல் வந்த ஆய்வில் அதற்கடுத்துத் தலைகாட்டியது அன்று ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஃபீகாலிஸ் என்று அழைக்கப்பட்டது. மாவு புளித்து அமிலமாகிறது, அப்புறம் ஆவியில் வேகிறது. பயப்பட ஒன்றுமில்லை.

அந்த ஃபீகாலிஸ்தானே சிறுநீர் கல்ச்சரில் எண்டரோகாக்கஸ் என்று வருவது?

அதேதான். 1984-ல் ஸ்ட்ரெப்பிலிருந்து பிரித்து எண்டரோகாக்கஸ் என்று தனிக்குடித்தனம் வைத்துவிட்டார்கள். 6.5 சதவீத உப்பிலும் 45 டிகிரியிலும் வளரும், பித்த எஸ்குலின் என்ற சோதனை ஊடகத்தைக் கறுப்பாக்கும். குடலில் எல்லோரிடமும் இருப்பது. நச்சு என்று பார்த்தால் ஏ பிரிவுக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை. இதன் பலம் பிடிவாதத்தில்: செஃபலோஸ்போரின் வகை ஆன்டிபயாடிக்குகள் பொதுவாக இதனிடம் செல்லாது. ஃபீசியம் என்ற தம்பி பல நேரம் ஆம்பிசிலினுக்கும் அடங்காது, சில வேன்கோமைசினுக்கும் அடங்காது. ஐ.சி.யூ.வில் குழாயும் ஆன்டிபயாடிக்குமாகப் படுத்திருப்பவருக்கு இதுவே பெரிய எதிரி. மருந்துக்கு அடங்காமை வேறு, வீரியம் வேறு என்பதைக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் இல்லை. ஏ பிரிவு அப்படியே தலைகீழ்: வீரியம் மிகுதி, ஆனால் 80 வருடமாகப் பெனிசிலின் கேட்கிறது. (அசித்ரோமைசினுக்கு அடங்காத ஸ்ட்ரெயின்கள் உண்டு. தொண்டை வலிக்கு மூன்று மாத்திரை அட்டையை மருந்துக்கடையில் தானாக வாங்குபவர்கள் கவனிக்கவும்.)

பல் சொத்தைக்கும் ஸ்ட்ரெப்புக்கும் என்ன சம்பந்தம்?

மியூட்டன்ஸ் என்ற இனம் சர்க்கரையிலிருந்து ஒட்டும் குளூக்கான் செய்து பல்லில் அப்பிக்கொண்டு அமிலம் விடும். சர்க்கரை இல்லையென்றால் வாலைச் சுருட்டிக்கொள்ளும். வால்வு மாற்றியவர்கள் பல் பிடுங்கப் போகும் முன் பல் டாக்டரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். வாயில் சாதுவாக இருக்கும் விரிடன்ஸ் வகைகள் ரத்தத்தில் இறங்கினால் கெட்ட வால்வில் குடியேறும்.

புது மெஷின்களில் நேராக இனத்தின் பெயரே வந்துவிடுகிறதே, பிளேட்டும் எழுத்தும் இனி எதற்கு?

இனம் காண உதவும் 16எஸ் ஆர்.என்.ஏ. மரபணுவைப் படிப்பதும், கிருமியின் புரதங்களை வைத்து இனம் சொல்லும் மால்டி-டாஃப் மெஷினும் வேலையை வெகுவாகச் சுலபமாக்கியிருக்கின்றன. ஆனால் நிமோகாக்கஸும் விரிடன்ஸ் வகையான மைட்டிஸும் 16எஸ்-ஸில் 99 சதவீதத்துக்கு மேல் ஒன்று. மெஷினும் சில நேரம் ஒன்றை மற்றதாகச் சொல்லும். அப்போது ஒரு சொட்டு பித்த உப்புதான் தீர்ப்புச் சொல்கிறது. ஒன்று உயிர்க்கொல்லி, இன்னொன்று வாயில் தூங்குகிறவன் என்பதால், சளி மாதிரியில் இந்தத் தீர்ப்பு சும்மா போகிற விஷயமில்லை.

தொண்டை வலி அதிகம், ஆனால் கல்ச்சரில் 'வளர்ச்சி இல்லை' என்று வந்துவிட்டது. லேப் தப்பா?

ஸ்வாப் எடுப்பதற்கு முன் ஆன்டிபயாடிக் மாத்திரை போட்டீர்களா என்றுதான் முதலில் கேட்பேன். பெனிசிலின் குடும்ப மாத்திரை ஓரிரண்டு வேளை போட்டாலே ஏ பிரிவு பிளேட்டில் வராமல் போகலாம். இல்லையென்றால் வைரஸ் ஆக இருக்கலாம். தொண்டை வலிகளில் பெரும்பாலானவை அதுதான், மூக்கு ஒழுகி இருமலும் இருந்தால் இன்னும் நிச்சயம். நாக்கில் தேய்த்த ஸ்வாபாகவும் இருக்கலாம். டான்சில் இரண்டிலும் பின்சுவரிலும் படவேண்டும், குமட்டல் வரவேண்டும். குமட்டவே இல்லை என்று பிள்ளை சொன்னால் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.